யாரும் கழுவாத நிரை

சிப்பியை யாராவது வளர்ப்பார்களா என்று கேட்டு நான் சிரித்தேன். கோழி வளர்ப்பார்கள், ஆடு வளர்ப்பார்கள். கடலோரத்தில் தானாகக் கிடக்கிற சிப்பிக்கு ஒரு துரை, துரைக்கு ஒரு பங்களா, அவருக்குக் கீழே வேலைக்கு ஆட்கள் என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "சிரிச்சது போதும், மூட்டையக் கட்டு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கம் அது, மலாயாவில். ரப்பர் விலை விழுந்து, ஈப்போவுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில் பாதி மரங்களைச் சீவாமலே விட்டுவிட்டார்கள். விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போய் நின்றால் கங்காணி பாதிப் பேரைத் திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பி வந்த ஒரு நாளில்தான் இந்தச் சிப்பிப் பண்ணைக்கு ஆள் எடுக்கும் சேதி வந்தது. நான், என் வீட்டுக்காரர், என் அக்கா, அக்கா புருஷன் என்று நாலு பேரும் கிளம்பினோம். அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. எனக்கும் அப்போது இல்லை.

தாப்பா ரோடு ஸ்டேஷனில் ரயில் மாறி, தெலுக் ஆன்சனில் இறங்கினோம். அந்த ஊரை இப்போது தெலுக் இந்தான் என்கிறார்கள். அங்கிருந்து படகில் ஆற்றோடு கீழே போகப் போகக் கரை தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கரை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு பக்கமும் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள், கால்களை அகட்டிச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றன. அதற்கு அப்பால் கடல் என்றார்கள். நான் பார்த்தது சேறுதான். கண்ணுக்கெட்டிய தூரம் பழுப்பாக, ஈரமாகப் பளபளத்துக் கிடந்தது. நடுவில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வரிசை வரிசையாகத் தொங்கியது.

கிட்டே போனதும்தான் தெரிந்தது, எல்லாம் பால் மங்குகள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கக் கட்டுவோமே, அதே மங்கு. மூடிக்கிடந்த ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து சாக்குச் சாக்காக வாங்கி வந்து, சுண்ணாம்பில் முக்கி, கம்பியில் கோத்துக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார்கள். மரமே இல்லாத இடத்தில் மங்குகளைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. காடு முழுவதும் செத்துப்போய், மங்கு மட்டும் மிஞ்சி நிற்பது மாதிரி. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வடியும்போது அந்தச் சேறு பேசும். இதைச் சொன்னால் என் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சேற்றில் ஊசி குத்தினது போல ஆயிரம் ஓட்டைகள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சின்னச் சத்தம் வரும். டிக், டிக் என்று சிப்பிகள் வாய் மூடும். எங்கோ ஒன்று தண்ணீரைத் துப்பும். பக்கத்து அறையில் நிறையப் பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, நாம் திரும்பியதும் நிறுத்துவது போல இருக்கும். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை கஷ்டமில்லை. சுண்ணாம்பு, மணல், கொஞ்சம் சிமிந்தி மூன்றையும் கூழாகக் கரைக்க வேண்டும். கூரை ஓடுகளையும் மங்குகளையும் அதில் முக்கிக் காயவைக்க வேண்டும். தண்ணீரில் மிதந்து வரும் சிப்பிக் குஞ்சு, கண்ணுக்கே தெரியாதது, சொரசொரப்பான இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். நகம் அளவு வளர்ந்ததும் கத்தியால் தட்டினால் சுண்ணாம்புப் பொருக்கோடு உதிரும், சிப்பிக்குச் சேதமில்லை. அப்புறம் தார் பூசிய கம்பித் தட்டுகளில் பரப்பி, சேற்றில் நட்ட பாக்காவ் கம்புகளின் மேல் கட்டிவிடுவோம். எந்த ஓட்டில் அதிகம் ஒட்டுகிறது, எந்த உயரத்தில் சீக்கிரம் வளர்கிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று துரை பார்த்துக்கொண்டே இருப்பார். கண்ணாடிக் குழாய் ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டு உப்பைப் பார்ப்பார். பித்தளை இடுக்கி ஒன்றால் சிப்பிகளை ஒவ்வொன்றாக அளப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் மனுஷரைப் பார்ப்பதைவிடச் சிப்பியைப் பார்ப்பதில்தான் அவருக்கு விருப்பம்.

எங்களுக்கு எதிரி சேறுதான். மேலே கிந்தா பக்கத்துச் சுரங்கங்களில் ஈயம் கழுவிவிட்ட மண்ணெல்லாம் ஆற்றோடு வந்து இங்கேதான் படியும். கடல் வடிந்து இறங்குவதை வடிச்சல் என்போம்; இரண்டு வடிச்சல் கவனிக்காமல் விட்டால் மங்கு, ஓடு, தட்டு எல்லாம் சேறு மூடிப்போகும், சிப்பிகள் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு வடிச்சலுக்கும் போய் வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சிப்பியில் துளைபோட்டுத் தின்கிற நத்தைகளையும் பொறுக்க வேண்டும்.

தோட்டத்து ஆட்கள் எங்கே போனாலும் தோட்டத்தைக் கூடவே கொண்டுபோவோம். அந்தக் கம்பு வரிசைகளுக்கு நாங்களாகவே நிரை என்று பெயர் வைத்தோம். ஆளுக்கு ஒரு நிரை. தோட்டத்தில் ஒருவனுடைய நிரையில் இன்னொருவன் கத்தி வைக்க மாட்டான், வைத்தால் வெட்டுக்குத்து ஆகிவிடும். இங்கேயும் அதே கட்டுப்பாடுதான். அவரவர் நிரையை அவரவர்தான் கழுவ வேண்டும். மாமாவுக்குக் கடலைப் பார்த்த கடைசி நிரை.

படகோட்டி ஒரு மலாய்க்காரர், வயதானவர். அவரை எல்லாரும் பாக் என்று கூப்பிடுவோம். சேற்றில் எப்படிப் போக வேண்டும் என்று வந்த அன்றே அவர் காட்டிக்கொடுத்தார். நீளமான பலகை ஒன்று, முன்பக்கம் வளைந்தது. ஒரு முழங்காலை அதன் மேல் ஊன்றி, இன்னொரு காலால் சேற்றை உதைத்து வழுக்கிக்கொண்டே போக வேண்டும். சாமான் எல்லாம் பலகை மேல்தான். "நிக்காத, நின்னா முழுங்கிடும்" என்பார் மலாயில். என் வீட்டுக்காரர் இரண்டே நாளில் கற்றுக்கொண்டார்.

மாமா கற்றுக்கொள்ளவில்லை. "மண்டி போட்டுத் தவழுறதுக்கு நான் என்ன கைப்பிள்ளையா?" என்பார். அவருக்குக் காண்டாக் கம்புதான் வேண்டும். தோளில் கம்பு, இரண்டு முனையிலும் கொக்கியில் வாளி. பால் தூக்கிப் பழகிய தோள். பழைய ரப்பர் தோட்டத்தில் அவரைப் பற்றி ஒரு பெருமைப் பேச்சு உண்டு. ஒருநாள் மழையில் காண்டாவோடு வடிகாலில் சறுக்கி விழுந்து, முன்பல் உடைந்து, வாயெல்லாம் ரத்தம். ஆனால் இரண்டு வாளியிலும் ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. பால் சிந்தினால் அன்றைக்கு அரைப்பேர், பாதிக் கூலிதான் விழும் என்பது மட்டும் இல்லை, சிந்தினவனை லயத்தில் எல்லாரும் கேலி பண்ணுவார்கள். கை போனாலும் போகட்டும், காண்டாவை விடக்கூடாது. எங்களுக்கெல்லாம் அது எலும்பில் ஊறியிருந்தது.

அக்கா அந்தக் கம்பின் நடுவில், தோள் நோகக்கூடாது என்று, தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தாள். பச்சையில் மஞ்சள் கரை. மாமா அதை வேறு எல்லாரிடமும் காட்டிக்கொள்வார், "பாரு, எனக்கு மெத்தை" என்று.

நிரைக்குப் போகும் வழியில் பாக்காவ் கிளைகளை வெட்டிப் போட்டு, அதன் மேல் மிதித்து மிதித்து மாமா தனக்கென்று ஒரு தடம் போட்டுக்கொண்டார். பல மாதம் ஒன்றும் ஆகவில்லை. பாக் மட்டும் கடைசி நிரைப் பக்கம் கையை நீட்டி, "தானா சித்து லாப்பார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த நிலத்துக்குப் பசி என்று அர்த்தம். மாமா அவர் தோளில் தட்டிச் சிரிப்பார்.

ஆண்டுக் கடைசி மழை தொடங்கியிருந்தது. குஞ்சு ஒட்டுகிற பருவம் வருகிறது, பொருக்கு உதிர்ந்த ஓடுகளுக்கு அங்கேயே மறுபூச்சுப் பூசுங்கள் என்றார் துரை. மற்றவர்கள் சுண்ணாம்பு வாளியைப் பலகையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமா இரண்டு வாளியையும் காண்டாவில் மாட்டிக்கொண்டு தடத்தில் இறங்கினார். முற்பகல் நேரம்தான். நானும் அக்காவும் கரையிலிருந்து சேற்றுக்கு மேல் நீளும் பலகைப் பாலத்தில் உட்கார்ந்து ஓடு துலக்கிக்கொண்டிருந்தோம். கடல் பக்கமிருந்து மழை மூட்டம் வந்தது. முதலில் கடைசி நிரை மறைந்தது, அப்புறம் அதற்கு முந்தினது. கொஞ்ச நேரத்தில் எங்கள் முன்னால் ஒன்றுமே இல்லை.

ரப்பர் காட்டில் இருட்டோடு மரம் சீவப் போகிறவர்கள் பயம் தெளிய ஒருவருக்கொருவர் குரல் கொடுப்பார்கள், "ஓய்ய்" என்று நீட்டி. அந்த மூட்டத்துக்குள்ளிருந்து மாமா அப்படிக் குரல் கொடுத்தார். என் வீட்டுக்காரர் எங்கோ இருந்து பதில் கொடுத்தார். மறுபடி மாமா குரல். அக்காவும் சிரித்துக்கொண்டே "ஓய்ய்" என்றாள். இன்னொரு தரம் வந்தது. உதவி கேட்கிற குரல் இல்லை அது, சத்தியமாக இல்லை. மழை விட்டு மூட்டம் விலகியபோது ஆட்கள் எல்லாரும் அவரவர் நிரையில் இருந்தார்கள். கடைசி நிரையில் யாரும் இல்லை.

தேடினோம். தண்ணீர் ஏறும் வரைக்கும் பாக் பலகையில் அலைந்தார், ஏறியதும் படகில் அலைந்தார். துரையே சேற்றில் இறங்கினார். மாமா போட்ட கிளைத் தடம் இருந்தது. தடத்தின் முடிவில் சேறு வழவழவென்று, சீவிவிட்ட தலை மாதிரி, ஒரு அடையாளமும் இல்லாமல் கிடந்தது. உடம்பு மிதக்கும் என்று காத்திருந்தோம். மிதக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பேச்சு கிளம்பியது. அன்று அந்த வழியாக ஒரு சீனரின் தோங்காங் படகு போனதாம், மாமா மூட்டத்தைச் சாக்காக வைத்து அதில் ஏறிக் கம்பி நீட்டிவிட்டாராம். ஈப்போ பக்கம் சுரங்க வேலைக்குப் போகலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது உண்மைதான். "அங்க ஒருத்தி இருக்கா போல" என்று ஒருத்தி சொல்ல, நான் சும்மா இருக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். ஆனால் பேசின வாயை மூடலாம், கேட்ட காதை என்ன செய்வது? அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நான் தாலி அறுத்தவளாடி, இல்ல புருஷன் வுட்டுட்டுப் போனவளா? ரெண்டுல ஒன்னு தெரிஞ்சா போதும்."

எனக்கு என்ன தெரியும்? தாலியைக் கழற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, கழற்றாதே என்று சொல்லவும் தைரியம் வரவில்லை. 

மழை முடிந்து வெயில் வந்த சமயம். என் வீட்டுக்காரர் வேலை முடித்து வந்து காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தார். "மாமா நெரைய யாரு கழுவுறது?" என்றார்.

"யாரும் கழுவலியே. யாரு அங்க போவா?"

"சுத்தமா இருக்கு. எங்க நெரையெல்லாம் கணுக்கால் சேறு. அதுல ஒரு பொட்டு இல்லை. மங்கு பளிச்சுன்னு இருக்கு, நேத்து சுண்ணாம்பு பூசினாப்ல."

ஆட்கள் ஒவ்வொருவரையும் கேட்டோம். நான் கேட்டால் பொய் சொல்ல முடியாது, அப்படிக் கேட்டேன். ஒருவரும் தொடவில்லை. தொடமாட்டார்கள். அடுத்த வடிச்சலுக்கும் அப்படியே இருந்தது, அதற்கடுத்ததற்கும். ஆட்கள் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார்கள். போனாலும் முதுகைக் காட்டாமல் திரும்பி வந்தார்கள்.

என்னை உலுக்கியது அந்த நிரை இல்லை, அக்காதான். அவள் முகம் தெளிந்துவிட்டது. தலை சீவினாள். பங்களாத் தோட்டத்திலிருந்து பூப் பறித்து வைத்துக்கொண்டாள். "அவரு எங்கயும் போகலடி. வெக்கத்துல வர மாட்டேங்கறாரு. வேலைய மட்டும் பாத்துட்டுப் போறாரு" என்றாள். ஒரு தட்டில் சோறு போட்டுப் பாலத்தின் முனையில் வைக்க ஆரம்பித்தாள். தண்ணீர் வடிந்து ஏறுவதற்குள் தட்டு காலியாகிவிடும். நான் ஒருநாள் ஒளிந்து நின்று பார்த்தேன். கெரா குரங்குகள், ஒரு குடும்பமே இறங்கி வந்து தின்றது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

அக்கா கோபப்படவில்லை. "உனக்குக் கொரங்காத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் சாதாரணமாக. 

இன்னொன்றும் உண்டு. வடிச்சல் முழுவதும் இறங்கி, காற்று கடல் பக்கமிருந்து வீசும்போது, கடைசி நிரையிலிருந்து ஒரு குரல் வரும். நீளமாக, தணிவாக. நிரைக்கு அடையாளமாக நட்ட மூங்கில்களின் முனைகளில் காற்று ஊதுகிறது என்றார் பாக். சேற்றை உருட்டி எல்லா மூங்கில் வாயையும் அடைத்துவிட்டும் வந்தார். அப்புறமும் அது கேட்டது. அவர் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். நானும் கேட்கவில்லை.

எனக்கு இருந்த பயம் ஒன்றுதான். அக்கா ஒருநாள் பதில் கொடுப்பாள், கொடுத்துவிட்டு இறங்கிப் போவாள். அதனால் வடிச்சல் நேரமெல்லாம் அவள் சேலைத் தலைப்பு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். எத்தனை நாள் பார்க்க முடியும்? ஒரு சாயங்காலம் உலையை இறக்கிவிட்டுத் திரும்பினேன், ஆள் இல்லை. பாலத்துக்கு ஓடினேன். மாமா போட்ட அந்தக் கிளைத் தடத்தில் அவள் போய்க்கொண்டிருந்தாள், கையில் தட்டோடு.

"அக்கா! நில்லு! அடியே, நில்லுடி!"

அவள் நின்றாள். நின்றதுதான் தப்பு. முழங்கால் வரைக்கும் இறங்கியது, தொடை வரைக்கும் இறங்கியது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பயமே இல்லை அந்த முகத்தில். "ஏண்டி கத்துற? கீழ கெட்டியா இருக்கு. நெசமா. கால் வெக்க எடம் இருக்கு" என்றாள்.

இன்றைக்கும் அந்த வார்த்தையை நினைத்தால் உடம்பு தூக்கிப்போடும். பாக்கும் என் வீட்டுக்காரரும் இரண்டு பலகையில் பாய்ந்து போனார்கள். அவளைப் படுக்கவைத்து, தோளைப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தார்கள். தட்டில் இருந்த சோறு சிந்தவில்லை. கரைக்கு வந்ததும் நான் அவளை ஓங்கி ஒரு அறை அறைந்தேன். பிறகு இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம். சேற்றில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் நானே துரையின் கொட்டகைக்குப் போனேன். என் மலாய் அரைகுறைதான், கோபம் வந்தால் அதுவும் போய்விடும். "நீங்க சிப்பிய அளக்கிறீங்க. அந்த நெரை ஏன் சுத்தமா இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா என் அக்கா உயிர் போயிரும்" என்றேன். நான் பேசியது அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, அவர் எழுந்து தொப்பியை எடுத்தார்.

அவர் செய்தது சின்ன வேலை. தண்ணீர் வடியத் தொடங்கியதும் படகில் நின்று தேங்காய் மட்டைத் துண்டுகளை அங்கங்கே மிதக்கவிட்டார். மற்ற நிரைகளில் அவை அசையாமல் நின்று சுற்றின. கடைசி நிரைக்கு வந்ததும் வரிசையாக, கயிறு கட்டி இழுத்தது போல, விறுவிறுவென்று கடலுக்கு ஓடின. மழைக்காலத்தில் ஓடை ஒன்று தடம் மாறி அந்த நிரைக்கு அடியில் வந்திருக்கிறது, ஒவ்வொரு வடிச்சலுக்கும் தண்ணீரே சேற்றை அரித்துக்கொண்டு போகிறது என்றார். ஓடை கரையை அரித்த இடத்தில் மேலே சேறு, கீழே வெறும் கூழ். அதில் யார் நின்றாலும் நிற்க முடியாது.

நிரையைக் கழுவினதும் மாமாவைக் கொண்டுபோனதும் ஒன்றேதான். நான் அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் தலையாட்டினாள். "அது தண்ணியோட கதை. அவரு என்ன ஆனாருன்னு யாரு சொல்றது?" என்றாள்.

துரைக்கு அந்த நிரையின் சிப்பிகள் மேல் ஆசை வந்துவிட்டது. இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு சீக்கிரம் வேறு எங்கும் வளரவில்லை என்று, வருஷத்தில் தண்ணீர் ரொம்பக் கீழே இறங்கும் வடிச்சலில் ஓடையை ஒட்டிப் புதிய கம்புகள் நட ஏற்பாடு செய்தார். பட்டப்பகல், வெயில் தகதகத்தது. அக்காவைப் படகில் உட்காரவைத்து நான் பக்கத்தில் இருந்தேன். ஓடைக் கரையிலிருந்து பாக்காவ் வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது, மேலெல்லாம் சிப்பி மூடி, ஒரு ஆள் கை தடிமனுக்கு. கம்பு நட அது இடைஞ்சலாக இருந்தது. பாக் கயிறு போட்டு இழுத்தார். வரவில்லை. என் வீட்டுக்காரரும் பிடித்தார். சேறு மெதுவாக ஒரு மூச்சு விட்டது போலச் சத்தம் போட்டுவிட்டு அதைக் கொடுத்தது.

அது வேர் இல்லை. மறுமுனையில் கொக்கி இருந்தது, கொக்கியில் ஒரு வாளி. நடுவில் சிப்பிகளுக்குள்ளிருந்து ஒரு துணி நுனி தெரிந்தது. பச்சை. மஞ்சள் கரை.

அக்கா கத்தவில்லை. படகின் விளிம்பைப் பிடித்தபடி, "அந்தச் சிப்பி எப்போ ஒட்டினதுன்னு தொரையக் கேளு" என்றாள். பாக் கேட்டார். துரை இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார்.  போன மழையில் ஓட்டில் ஒட்டிய குஞ்சுகள் இப்போது எவ்வளவு இருக்கின்றனவோ அதே அளவு என்றார். அப்படியென்றால் அந்த மழையிலிருந்தே கம்பு இங்கேதான் இருக்கிறது.

"அப்போ அவரு தோங்காங்ல ஏறல" என்றாள் அக்கா. "ஈப்போவுக்குப் போகல. என்னை வுட்டுட்டுப் போகல."

அவள் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். ஐயோ, அதைப் பார்க்க முடியாமல் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்னும் தோண்டினார்கள். மாமா கிடைக்கவில்லை. கடல் மறுபடி ஏற ஆரம்பித்துவிட்டது. கம்பையும் வாளியையும் படகில் ஏற்றினார்கள். கரையில் துரை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். கம்பைக் கொட்டகையில் வைக்கலாமா, இல்லையென்றால் அந்தச் சிப்பிகளையாவது கழற்றி எடுத்துக்கொள்ளலாமா என்று பாக்கிடம் கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! "அது எங்க வீட்டு ஆளு. அளந்தது போதும்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

உடம்பு இல்லாதபோது எதையாவது ஒன்றை வைத்துத்தானே எரிக்க வேண்டும். காண்டாக் கம்பையே வைப்பது என்று முடிவானது. சிப்பியைச் செதுக்கிவிடலாமா என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு அக்கா, "வேணாம். அவரு கூடவே இருந்ததுங்க" என்றாள். பாக்காவ் விறகு பச்சையாக இருந்தாலும் எரியும். அன்று சாயங்காலமே அடுக்கி, சகலை முறைக்கு என் வீட்டுக்காரர் கொள்ளி வைத்தார். பாக் கொஞ்சம் தள்ளி நின்று வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். நெருப்பு பிடித்ததும் கம்பின் மேலிருந்த சிப்பிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. டிக். டிக். வடிச்சலில் கேட்கும் அதே சத்தம். முதல் தடவையாக அது எனக்குப் பேச்சாகத் தெரியவில்லை.

வாளி மட்டும் மிச்சம். உள்ளே சுண்ணாம்புக் கூழ் சிமிந்தியோடு சேர்ந்து கல்லாகிப்போயிருந்தது. சேற்றைக் கழுவிவிட்டுப் பார்த்தபோது உள்விளிம்பு ஓரமாக நாலு பள்ளங்கள். விரல்கள். வாளியின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறார், கூழ் இறுகி முடிகிற வரைக்கும் கை அங்கேயே இருந்திருக்கிறது.

அக்கா தன் விரல்களை அதில் வைத்துப் பார்த்தாள். அவருடையது பெரிய கை, பள்ளத்தில் இடம் மிச்சம் இருந்தது.  திடீரென்று அந்த வாளியை ஓங்கி அறைந்தாள். அது வரைக்கும் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"காண்டாவ வுட்டிருந்தா வந்திருப்பியே! யாரு கேக்கப்போறா, சிந்தினா சிந்திட்டுப் போவுது! மனுசா, வுட்டிருக்கக் கூடாதா?"

யாரும் அவளைப் பிடிக்கவில்லை. அழுது முடித்ததும் அவளே தாலியைக் கழற்றி அந்த விரல் பள்ளத்தில் வைத்தாள். மறுநாள் பாக் வாளியை ஓடையில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அதற்கப்புறம் சோற்றுத் தட்டு இல்லை, பூ இல்லை. சில நாள் கழித்து அக்கா பாக்கிடம் பலகை தள்ளக் கற்றுக்கொண்டாள். அந்த நிரை இனிமேல் என்னுடையது என்று துரையிடம் போய்ச் சொன்னாள். அவர் சரி என்றார். ஒவ்வொரு வடிச்சலுக்கும் முழங்காலை ஊன்றிச் சேற்றில் வழுக்கிக்கொண்டு போவாள். அங்கே கழுவ ஒன்றும் இருக்காது, தண்ணீரே கழுவிவிட்டுப் போயிருக்கும். அவள் வாளியில் மொண்டு ஊற்றி, மங்குகளை ஒவ்வொன்றாகக் கையால் துடைத்துவிட்டு வருவாள்.